கை எந்த நிமிடத்தில் போனுக்குப் போனது? மாவுக்கட்டுக் காலமும் 23 படங்களும்

பேரேடு எழுதியது:

கடைசிப் படி இதுதான் என்று நினைத்துக் காலை வைத்தேன். அதற்குக் கீழே இன்னொரு படி இருந்தது. வலது கணுக்காலில் எலும்பு விரிசல், 6 வாரம் மாவுக்கட்டு. கணக்கு வேலைதானே, வீட்டிலிருந்தே பார் என்று விட்டுவிட்டார்கள். பகலெல்லாம் கணக்கு, பொழுது சாய்ந்தால் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படம். 5 வாரமாக இதே பிழைப்பு.

வழக்கமாக வருஷத்துக்கு 10 படம் பார்த்தாலே அதிகம். அதுவும் கொலை, துப்பறிதல் என்று ஒரே சந்துக்குள் சுற்றுகிறவன். இந்த முறை பேய், விளையாட்டு, அனிமேஷன், ராட்சத மிருகம், குடும்பம் என்று கண்டதையும் பார்த்தேன். நேற்றோடு 23.

கணக்கு எழுதுகிறவன் சும்மா இருப்பானா? மகளின் பழைய பள்ளி நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் ஸ்கேல் வைத்து நாலு பத்தி பிரித்தேன். படம், வகை, நிமிடம், காரணம். 'நிமிடம்' என்றால் படத்தின் நீளம் என்று நினைக்காதீர்கள். படம் ஓடும்போது என் கை தன்னால் போனை எடுத்த முதல் நிமிடம். நட்சத்திரம், மதிப்பெண் எல்லாம் மனசு போடுகிற கணக்கு. நாலு பேர் ஒரு படத்தை ஆகா என்று சொன்னால் மனசும் கூடச் சேர்ந்து தலையாட்டும். கைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. சலித்தால் கிளம்பிவிடும்.

சில வரவுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

12 ஆங்ரி மென் (1957). நிமிடம் என்ற இடத்தில் வெறும் கோடு. 96 நிமிடமும் கை அசையவில்லை. ஒரே அறை, 12 பேர், ஒரு பையன் கொலை செய்தானா இல்லையா என்ற வாக்குவாதம், அவ்வளவுதான். பாதிக்கு மேல் எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி ஆகிவிட்டது, ஏன் என்று புரியவில்லை. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இயக்குநர் சிட்னி லூமெட் முதல் பகுதியில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்திருக்கிறார், நடுப்பகுதியில் கண்மட்டத்தில், கடைசியில் அதற்கும் கீழே. லென்ஸின் குவியத் தூரத்தையும் போகப் போகக் கூட்டியிருக்கிறார். அதனால் சுவர் நெருங்கி வருகிறது, கூரை தலைமேல் இறங்குகிறது. அந்த அறையில் ஒரு மின்விசிறி உண்டு, அது ஓடாது. மழை பிடித்து இருட்டி, யாரோ விளக்கைப் போட்டதும்தான் விசிறியும் சுற்றத் தொடங்கும். அந்த இடத்தில் என்னை அறியாமல் என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிமிர்ந்து பார்த்தேன்.

காட்ஸில்லா மைனஸ் ஒன் (2023). நிமிடம் 74. ராட்சத மிருகப் படமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று இருந்தவன் நான். கண்ணிவெடி அகற்றும் ஒரு சின்ன மரப்படகு, பின்னாலேயே தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டு வரும் அந்தத் தலை, இருக்கிற கண்ணிவெடியையே அதன் வாய்க்குள் விட்டு வெடிக்கப் பார்க்கும் நாலு பேர். காலில் கட்டு இருப்பது மறந்து எழுந்திருக்கப் பார்த்தேன். காட்சி ஜாலங்களுக்கு ஆஸ்கர் வாங்கிய படம் இது. அந்த வேலையை மேற்பார்வை பார்த்தவரும் இயக்குநர் தகாஷி யமஸாகியேதான். 74-இல் ஏன் கை போனது? மிருகத்தை எப்படி ஒழிப்பது என்று எல்லாரையும் உட்காரவைத்து விளக்கக் கூட்டம் போடுகிறார்கள். கூட்டம் என்றாலே என் கை போனுக்குப் போகும். அது தொழில் பழக்கம், படத்தின் மேல் குற்றம் இல்லை.

பெர்ஃபெக்ட் டேஸ் (2023). நிமிடம் 9. டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிரயாமாவின் நாட்கள். எழுகிறார், படுக்கையை மடிக்கிறார், செடிகளுக்கு நீர் தெளிக்கிறார், கதவைத் திறந்து வானத்தைப் பார்க்கிறார், வண்டியில் கேசட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். கை போய்விட்டது. மறுநாளும் எழுகிறார், மடிக்கிறார், தெளிக்கிறார். அன்றைக்கும் போனது. மூன்றாம் நாள் அவர் கதவைத் திறப்பதற்குள் என் கழுத்து வானத்தைப் பார்க்க நிமிர்ந்துவிட்டது! அதற்கப்புறம் கடைசிவரை கை போகவே இல்லை. அந்த நடிப்புக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர் கோஜி யகுஷோ. பேசுவதே அபூர்வம்.

மகாராஜா (2024). நிமிடம் 31. தண்டனையும் உடனே கிடைத்தது. லட்சுமியைக் காணோம் என்று ஒரு சலூன்காரர் காவல் நிலையத்துக்கு வருகிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. சரி, சிரிப்புப் படம் என்று நினைத்து வந்த செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் எனக்குக் கதை தலைகீழாகிவிட்டது. இரண்டு காலம் பின்னிக்கொண்டு ஓடுகிற படம். இது முன்னால் நடந்தது, இது பின்னால் நடந்தது என்று நம்மைக் கைப்பிடித்துக் கூட்டிப் போவதில்லை. 10 நிமிடம் பின்னால் தள்ளித் திரும்பப் பார்த்தேன்.

லப்பர் பந்து (2024). கெத்து என்ற கிரிக்கெட் ஆட்டக்காரர் மட்டையைப் பிடித்து வரும்போது பழைய விஜயகாந்த் பாட்டு ஒலிக்கிறது இல்லையா, அது எந்தப் படம் என்று தேடக் கை போனது. 1989-இல் வந்த பொன்மனச் செல்வன். இதைச் சலிப்பில் சேர்க்க முடியாது, சந்தோஷத்தில் போன கை.

அப்புறம் மெய்யழகன் (2024). நிமிடம் 104. இதுதான் எனக்குச் சிக்கல். 22 வருஷம் கழித்து ஊருக்கு வருகிறவரை ஒரு சொந்தக்காரர் அத்தான் அத்தான் என்று ஒட்டிக்கொள்கிறார். வந்தவருக்கோ அந்த ஆளின் பெயரே ஞாபகம் இல்லை, கேட்கவும் கூச்சம். ராத்திரி முழுக்கப் பேச்சு. என் கை போனை எடுத்தது. எடுத்து என் சித்தப்பா மகனுக்கு அழைத்தது. 11 வருஷமாகப் பேச்சு இல்லை, சண்டைகூட இல்லை, அப்படியே விட்டுப்போனது. 40 நிமிடம் பேசினோம். திரையில் அரவிந்த் சாமி பாதிக் கண்ணை மூடியபடி உறைந்து நின்றார். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? படம் தோற்றதா, ஜெயித்ததா? காரணம் என்ற பத்தியை இன்னும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். நோட்டில் கை போகாத, கோடு மட்டும் போட்ட படங்கள் 7. அதில் தமிழ் ஒன்றே ஒன்று. அதுவும் 1954-இல் எஸ். பாலசந்தர் எடுத்த 'அந்த நாள்'. பாட்டே கிடையாது. படம் தொடங்கியதுமே குண்டு பாய்ந்து சிவாஜி கணேசன் விழுந்துவிடுகிறார், அப்புறம் அவரைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மற்ற 6 படமும் வேற்றுமொழி. ஆனால் எனக்குத் தமிழ்ப் படம்தான் பிடிக்கும், இது எனக்கு நன்றாகத் தெரியும்! கை ஏன் இப்படிக் காட்டிக்கொடுக்கிறது?

நீங்கள் சமீபத்தில் பார்த்ததில் எது கட்டிப்போட்டது, எந்த இடத்தில் கை போனது? வகை எதுவானாலும் சரி. முடிவை மட்டும் உடைக்காதீர்கள்.

இரண்டு வரி எழுதியது:

அண்ணே, உங்கள் கை நல்ல கைதான். நோட்டில்தான் கணக்குப் பிழை.

நான் படங்களுக்கு வசன வரி, அதாவது திரைக்கு அடியில் வரும் சப்டைட்டில், எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் தொழிலில் ஒரு பொதுக் கட்டுப்பாடு உண்டு. ஒரே நேரத்தில் திரையில் இரண்டு வரிக்கு மேல் நிற்கக்கூடாது, எதுவும் சுமார் 7 விநாடிக்கு மேல் தங்கவும் கூடாது. பேச்சு வேகமாக இருந்தால் இரண்டு மூன்று விநாடிதான். அதாவது நீங்கள் ஜப்பானியப் படம் பார்க்கும்போது, பேச்சு இருக்கும்வரை சில விநாடிக்கு ஒருமுறை உங்கள் கண்ணைத் திரைக்கு இழுத்து வர ஓர் ஆள் கயிறு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். போனைப் பார்த்தால் ஒரு வரி போய்விடும், ஒரு வரி போனால் கதை போய்விடும். அந்தப் பயத்தில் கை சும்மா கிடக்கிறது. உங்கள் 6 கோட்டில் பாதி இயக்குநருடையது, மீதிப் பாதி என்னைப் போன்றவனுடையது.

தமிழ்ப் படத்தில் காது பார்த்துக்கொள்ளும் என்று கண் ஓய்வெடுக்கப் போய்விடுகிறது. வசனம் புரிகிறது. பின்னணி இசை இருக்கிறது, அது வாசல் மணி மாதிரி. முக்கியமான ஆள் வருகிறார் என்றால் அடிக்கும், யாரோ சாகப் போகிறார் என்றால் அடிக்கும். மணி அடித்தால் நிமிர்ந்து பார்க்கலாம் என்று உடம்பு பழகிவிட்டது.

அதனால் ஒரு சோதனை சொல்கிறேன். மணியே அடிக்காத தமிழ்ப் படம் ஒன்று பாருங்கள். கொட்டுக்காளி (2024), பி. எஸ். வினோத்ராஜ் எடுத்தது, பெர்லின் விழாவில் முதலில் காட்டினார்கள். பின்னணி இசை கிடையாது. ஆட்டோவிலும் இரண்டு சக்கர வண்டிகளிலும் ஒரு குடும்பம் போகிறது. நடுவில் அன்னா பென், வாய் திறப்பதே அபூர்வம். கூடவே கால் கட்டிய ஒரு சேவல். சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, சுண்ணாம்பு தடவியிருக்கிறார், குரல் கரகரவென்று பாதிதான் வருகிறது. கத்த வேண்டிய ஆளுக்குக் குரலே சரியாக வரவில்லை, பேச வேண்டிய பெண் பேசவில்லை. காதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் படத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கும். ஆம்பளைகள் எல்லாம் தயங்கி நிற்பார்கள். அதற்கப்புறம் நடப்பதை நான் சொல்ல மாட்டேன். அந்த நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களென்றால் உங்களுக்கு எந்த மணியும் அடிக்காது, காட்சி முடிந்திருக்கும்.

பார்த்துவிட்டு நிமிடத்தைச் சொல்லுங்கள்.

நடுநிசி எழுதியது:

எனக்கு உங்கள் கணக்கு அப்படியே நேர்மாறு சார். கை போனுக்குப் போனால் படம் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

நான் செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்து, பகலில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேய்ப்படம் பார்த்தால்தான் தூக்கம் வரும் எனக்கு. என்னோடு வேலை செய்கிறவர்கள் திட்டுவார்கள், போகட்டும். பயம் தாங்கவில்லை என்றால் நான் செய்வது ஒன்றுதான். போனை எடுத்து, அந்தப் படத்தில் நடித்தவர்கள் படப்பிடிப்பில் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவைத் தேடிப் பார்ப்பேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி ஓடவிடுவேன்.

பிரமயுகம் (2024) பார்த்தேன். மலையாளம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. 17-ஆம் நூற்றாண்டில் நடக்கிற கதை. தப்பி ஓடிவரும் ஒரு பாடகன் பாழடைந்த ஒரு மனைக்குள் நுழைகிறான், அங்கே மம்மூட்டி உட்கார்ந்திருக்கிறார். வெளியே மழை. அவனைப் பகடை ஆடக் கூப்பிடுகிறார். காய் உருளும்போது அவர் காயைப் பார்ப்பதில்லை, அவன் முகத்தைப் பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றியது. அங்கே ஒருமுறை கை போனது. படம் முழுக்க மூன்று முறை. என் கணக்கில் அது பெரிய மதிப்பெண்.

கறுப்பு வெள்ளையில் ஒரு வசதி, ரத்தத்துக்கு நிறம் கிடையாது. தினமும் பார்க்கிறவளுக்கு அதுவே ஓர் ஓய்வு.

எ கொயட் பிளேஸ் (2018) இரண்டாம் தடவை பார்த்தேன். சத்தம் கேட்டால் வந்து கொல்லும் ஜந்துக்கள், அதனால் குடும்பமே சைகையில் பேசும். மூத்த மகளுக்குக் காது கேட்காது, அந்த வேடத்தில் நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸுக்கும் நிஜத்தில் காது கேட்காது. படம் அவள் பக்கம் போகும்போது ஒலி மொத்தமும் அணைந்துவிடும். அந்த மௌனத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டு, ஐயோ சத்தம் போடுகிறதே என்று எழுந்துபோய் அணைக்கப் பார்த்தேன். சார், அதில் மாடிப்படியில் ஓர் ஆணி நீட்டிக்கொண்டு நிற்கும். கட்டுப் பிரிக்கிறவரை நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம்.

இந்த வாரம் ஜாஸ் (1975). இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி மக்கர் பண்ணியதால் ஸ்பீல்பெர்க் அதை முடிந்தவரை காட்டாமலே எடுத்தார் என்பார்கள். நல்லவேளை பழுதானது. சுறாவின் மேல் கட்டிவிட்ட ஒரு மஞ்சள் பீப்பாய் தண்ணீரில் தானாக நகர்கிறது, அவ்வளவுதான். பீப்பாயைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? நான் பயந்தேன்.

மெய்யழகனை வரவு வையுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

டார்ச் வெளிச்சம் எழுதியது:

போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காரவும். நோட்டும் மிச்சம், பென்சிலும் மிச்சம். இருட்டில் உட்கார்ந்து ஒரு படத்தை ஒழுங்காகப் பார்க்க முடியாத தலைமுறைக்கு நிமிடக் கணக்கு ஒரு கேடா?

பேரேடு எழுதியது:

டார்ச் அண்ணே, எனக்கு வயது 47. தலைமுறைக் கணக்கில் நான் எந்தப் பக்கம் வருவேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் யோசனை நல்ல யோசனை. அடுத்த அறையில் வைத்தால் என் நிலைமையில் ஊன்றுகோலைத் தேடி, எழுந்து, நொண்டிப் போய் எடுக்க வேண்டும். எந்தப் படமும் அவ்வளவு மோசமாக இருக்காது.

தம்பி இரண்டு வரி, நீ சொன்னதைப் படித்ததும் நோட்டை மறுபடி புரட்டினேன். 6 வேற்றுமொழிப் படத்தில் ஐந்துக்கு வசன வரி உண்டு. ஆறாவது ஃப்ளோ (2024). லாட்வியா நாட்டு அனிமேஷன், 2025-இல் ஆஸ்கர் வாங்கியது, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்திருக்கிறார்கள். அதில் வசனமே இல்லை, உன் கயிறும் இல்லை. ஒரு பூனை, ஊரை முழுங்கும் வெள்ளம், ஒரு படகு. படகில் ஏறுகிற பிராணிகள் பிராணிகளாகவே இருக்கின்றன, பாடுவதும் இல்லை, தத்துவம் பேசுவதும் இல்லை. நிஜப் பிராணிகளின் குரலைப் பதிவு செய்து போட்டிருக்கிறார்கள். கேபிபாரா என்ற கொறிக்கும் பிராணிக்கு மட்டும் அதன் சொந்தக் குரல் சரிப்படாமல் ஒட்டகக் குட்டியின் குரலாம். காதுக்கு வேலை இருந்தும் புரிந்துகொள்ள ஒரு சொல்கூட இல்லை. அதனால் கண் நகரவில்லை. உன் வாதத்துக்கு இது சாதகமா பாதகமா என்று நீயே சொல்.

செவிலியர் அம்மா, ஆணி விஷயம் சொன்னதற்கு நன்றி. தலைப்பைக் கேட்டுவிட்டு நேற்றே பார்ப்பதாக இருந்தேன்.

பழைய ரீல் எழுதியது:

எனக்கு 71. புதுப் படங்கள் அதிகம் பார்ப்பதில்லை, பார்த்ததையே பார்க்கிறவன். இருந்தாலும் காது, கண் என்று நீங்கள் பேசுவதைப் படித்தபோது எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் மனைவிக்கு விழித்திரையில் கோளாறு. நேராகப் பார்த்தால் நடுவில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் கொஞ்சம் அசைவு தெரியும். நாலு வருஷமாக அவள் படம் பார்ப்பது காதால்தான். யார் வருகிறார், யார் போகிறார் என்பதெல்லாம் குரலை வைத்தே சொல்லிவிடுவாள், நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் காதலிக்க நேரமில்லை (1964) போட்டோம். எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். நாகேஷ் தன் அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சி வந்தது. படத்தில் நாகேஷ் ஓஹோ புரொடக்சன்ஸ் முதலாளி, தான் எடுக்கப்போகும் படத்தின் கதையைச் சொல்கிறார். காற்று, கதவு, காலடி எல்லாமே நாகேஷ் வாயிலிருந்து வருகிறது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். திடீரென்று, "இப்ப பாலையா என்ன பண்றார்?" என்று கேட்டாள்.

எனக்குச் சொல்ல வரவில்லை. இத்தனை தடவை பார்த்திருக்கிறேன், அந்த முகம் மனசில் அப்படியே இருக்கிறது, வாயில் வரவில்லை. பயப்படுகிறார் என்றேன். "அது எனக்குத் தெரியாதா? எப்படிப் பயப்படறார்?" என்றாள். நிறுத்தி, பின்னால் தள்ளி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண் இரண்டும் பக்கவாட்டில் நாகேஷைத் துரத்துகிறது, தலை திரும்பவில்லை. எச்சில் விழுங்குகிறார். ஆள் உட்கார்ந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னவராகிக்கொண்டே போகிறார். பாலையாவுக்கு அங்கே பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை, பாதிக் காட்சி அந்த முகம்தான். காதால் பார்க்கிறவளுக்கு நாகேஷ் முழுசாகக் கிடைக்கிறார், பாலையா கிடைப்பதே இல்லை. இது 60 வருஷத்தில் எனக்குத் தோன்றாமல் போயிற்று.

இப்போது எந்தப் படம் போட்டாலும் என் கை எங்கேயும் போவதில்லை. எந்த நேரம் என்ன கேட்பாளோ என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை.

இரண்டு வரி எழுதியது:

ஐயா, நீங்கள் செய்வதற்கு ஒலிவிவரிப்பு என்று பெயர் உண்டு. எங்கள் வேலையைவிடக் கடினம். எனக்கு ஏற்கெனவே யாரோ எழுதிய வசனம் இருக்கிறது, மொழிபெயர்த்தால் போதும். பாலையாவின் எச்சிலுக்கு நீங்கள்தான் வசனம் எழுத வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு படம் சொல்லலாமா என்று யோசித்தேன், அப்புறம் வேண்டாம் என்று விட்டேன். இருந்தாலும் இங்கே எழுதிவைக்கிறேன். தி ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட் (2023). ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் தளபதி ருடால்ஃப் ஹோஸும் குடும்பமும் முகாமின் மதிலை ஒட்டிய வீட்டில் வாழ்கிறார்கள். வீட்டுக்குள் கேமராக்களை ஒளித்து வைத்துவிட்டுப் படப்பிடிப்புக் குழு வெளியே போய்விட்டது, நடிகர்கள் மட்டும் உள்ளே. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பூச்செடி, நீச்சல் தொட்டி, குழந்தைகள். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் நடப்பதைக் காட்டவே மாட்டார்கள். ஆனால் துப்பாக்கிச் சத்தமும் அலறலும் ஓர் ஓயாத உறுமலும் படம் நெடுக வந்துகொண்டே இருக்கும். சிறந்த ஒலிக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

தொழில்காரன் என்பதால் நான் படம் முழுக்க வசன வரியைத்தான் படித்தேன். செடியைப் பற்றிப் பேசுகிறார்கள், துணியைப் பற்றிப் பேசுகிறார்கள், வரி எல்லாம் கச்சிதம். அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சத்தத்துக்கு வரியே இல்லை. நான் அதுவரை அதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன். ஆக அண்ணே, கயிறு பிடிக்கிறேன் என்று பெருமை அடித்தேன் அல்லவா, சில நேரம் அந்தக் கயிறே காதைக் கட்டிவிடுகிறது. ஃப்ளோ என் வாதத்துக்குப் பாதகம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பேரேடு எழுதியது:

சோதனை முடிந்தது. போனை மகளிடம் கொடுத்து அடுத்த அறையில் வைக்கச் சொல்லிவிட்டு நேற்று ராத்திரி கொட்டுக்காளி பார்த்தேன். நோட்டு மட்டும் மடியில்.

கை போகத்தான் செய்தது. 16-ஆம் நிமிடத்தில் தலையணை ஓரத்தில், போன் வழக்கமாகக் கிடக்கிற இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. 21-இல் மறுபடியும். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் போகிறது. அதைப் பார்க்க எனக்கே வேடிக்கையாக இருந்தது. மாடு வளர்த்த வீட்டில் மாடு போனபிறகும் விடிகாலையில் தொழுவத்துப் பக்கம் கால் போகும் என்பார்கள், அந்த மாதிரி.

காளை வந்தது. தம்பி சொன்னது சரிதான், மணி எதுவும் அடிக்கவில்லை. அதற்கப்புறம் நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. படம் முடிந்ததும் பார்த்தால், மாவுக்கட்டின் மேல் ஓரத்தில் ஓர் அங்குலத்துக்குப் பூச்சைப் பிய்த்து மடியெல்லாம் போட்டிருக்கிறேன். கைக்கு ஏதோ ஒன்று வேண்டும்போல. மகளிடம் நல்ல திட்டு வாங்கினேன். சேவல் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அந்தப் பெண்ணைப் பற்றி யோசித்தால் சேவல்தான் முன்னால் வருகிறது.

எட்டாவது கோடு போடலாமா என்றால், போடவில்லை. 16, 21 என்று உள்ளபடி எழுதிவிட்டேன். கணக்கு என்றால் கணக்கு.

பழைய ரீல் ஐயா, நீங்கள் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். நாங்களும் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தோம், இந்த முறை நாகேஷ் பக்கமே திரும்பாமல் பாலையாவை மட்டும். அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மெய்யழகன் கணக்கு இன்னும் முடியவில்லை. அந்த ராத்திரி பேசிவிட்டு வைத்தபோது நேரமாகிவிட்டது, படத்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் சாயங்காலம் அவனே அழைத்தான். நான் எதற்காகத் திடீரென்று கூப்பிட்டேன் என்று கேட்டான், படத்தைச் சொன்னேன். அதற்கடுத்த நாள் மறுபடி அழைத்தான். அதற்குள் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்து முடித்துவிட்டானாம். முடிவைச் சொல்லட்டுமா என்று சின்ன வயசில் மாதிரியே மிரட்டினான். முதலில் வெளியானபோது 177 நிமிடமாம், அப்புறம் சுமார் 18 நிமிடத்தை வெட்டியிருக்கிறார்கள். நான் பார்ப்பது எது, வெட்டியதா வெட்டாததா என்று விசாரித்தான். எனக்கென்ன தெரியும், எனக்கு 104-க்கு மேல் எதுவும் தெரியாது.

சனிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். அதற்குள் மீதியைப் பார்த்துவிட வேண்டும். தினமும் அந்த நேரத்துக்கு உட்காருகிறேன், சரியாக அந்த நேரத்துக்கே அவன் அழைக்கிறான்.